மய்யித்தின் கண்ணியமும் மக்களின் உயிரும்



உங்கள் இல்லத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் என்னென்ன நடைபெறும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கண்களை மூடுகிறோம், தாடையைக் கட்டுகிறோம், உற்றார் உறவினருக்குச் செய்தி அனுப்புகிறோம். ஆண் மய்யித்தாயின் ஆண்களும், பெண் மய்யித்தாயின் பெண்களும் கூடி, இதமான நீரால் பக்குவமாகக் குளிப்பாட்டிக் கஃபனிடுகிறார்கள். பிள்ளைகள் கடைசியாக முகம் பார்க்கிறார்கள். ஜனாஸா தொழுது, தோள் மாற்றித் தோள் கொடுத்துச் சுமந்து சென்று, மையவாடியில் அடக்கம் செய்து, துஆ ஓதித் திரும்புகிறோம். இறந்தவருக்கு இருப்பவர்கள் ஆற்ற வேண்டிய இறுதிக் கடமை இது. ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் ஃபர்ளு கிஃபாயா இது என்பதை நம் குழந்தைகளும் மதரஸாவில் படித்திருக்கிறார்கள்.

இப்பொழுது ஒரு கேள்வி. அன்போடு நீர் வார்க்கும் அந்தக் கைகளின் வழியாகவே கொடிய நோயொன்று வீட்டில் உள்ள அனைவரையும் பற்றிக்கொள்ளும் என்றால் என்ன செய்வது? கடமையை விடுவதா, உயிரை விடுவதா?

2014ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் இந்தக் கேள்விக்கு நேருக்கு நேராக விடை தேட வேண்டியவர்களானார்கள். இரண்டையும் விடாமல் காக்கும் வழியொன்று அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வரலாறு நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

எபோலா பரவிய விதம்

கினி நாட்டின் தென்கிழக்குக் காட்டுப் பகுதியில் மெலியாண்டு என்றொரு சிற்றூர். 2013 டிசம்பரில் அங்கே ஒரு சின்னஞ்சிறு குழந்தை காய்ச்சலால் இறந்தது. அதனைத் தொடர்ந்து குடும்பத்தாரும், அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்களும் மாண்டனர். இது எபோலா என்னும் நோய் என்பது 2014 மார்ச்சில்தான் உறுதிப்பட்டது. அதற்குள் அது எல்லை தாண்டத் தொடங்கிவிட்டது. அண்டை நாடுகளான லைபீரியாவும் சியரா லியோனும் அதன் பிடியில் சிக்கின. கினியில் மிகப் பெரும்பாலோரும், சியரா லியோனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரும் முஸ்லிம்கள். லைபீரியாவில் கிறித்தவர்கள் பெரும்பான்மையினர்.

எபோலா காற்றில் பரவும் நோய் அன்று. நோயாளியின் இரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு முதலான உடல் நீர்கள் பிறர் உடலில் படும்போது தொற்றுகிறது. தொற்றிய 2 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல் தோன்றும். காய்ச்சல் தோன்றும் முன்னர் அவர் எவருக்கும் நோயைத் தருவதில்லை. நோய் முற்ற முற்றக் கிருமிகள் பெருகுகின்றன. உயிர் பிரியும் நேரத்தில் உடலெங்கும் அவை மிகுந்திருக்கின்றன. உயிர் போன பிறகும் அவை உடனே சாவதில்லை.

இதன் பொருள் என்ன? அந்நோய் யாரைத் தேடிச் சென்றது என்று பாருங்கள். நோயுற்ற குழந்தையை மடியில் கிடத்திய தாயை, கணவனின் வாந்தியைத் துடைத்த மனைவியை, தந்தையின் மய்யித்தைக் குளிப்பாட்டிய மகனை, மருத்துவமனையில் விலகி ஓடாமல் நின்ற செவிலியரை அது தேடிச் சென்றது. சியரா லியோனின் கெனிமா நகர மருத்துவமனையில் எபோலா சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஷேக் உமர் கான், 2014 ஜூலை 29 அன்று அந்நோயாலேயே உயிர் துறந்தார். அன்பும் கடமையுணர்வும் உள்ளவர்களையே அது முதலில் பலி கொண்டது.

2014 மே மாதத்தில் சியரா லியோனின் கைலாஹுன் மாவட்டத்தில் நாட்டு வைத்தியம் பார்த்துவந்த ஒரு பெண்மணி இறந்தார். எல்லை தாண்டி வந்த நோயாளிகளுக்கு அவர் வைத்தியம் செய்திருந்தார். அந்த இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட பெண்கள் பலருக்கு நோய் தொற்றியது. அந்த ஒரே சடங்கிலிருந்து கிளைத்த தொற்றால் 365 பேர் வரை இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பதிவு செய்துள்ளது. கினியில் ஏற்பட்ட தொற்றுகளில் 60 விழுக்காடு, மரபுவழி அடக்க முறைகளோடு தொடர்புடையவை என்று 2014 ஆகஸ்டில் கணக்கிடப்பட்டது.

பிணமாகக் கண்டார்கள், மனிதராகக் காணவில்லை

நோயைத் தடுக்க அரசுகளும் உலக அமைப்புகளும் விரைந்து வந்தன. ஆனால் அவர்கள் தொடக்கத்தில் கையாண்ட முறை மக்களை நெருங்கச் செய்யவில்லை. விலகி ஓடவே செய்தது.

'எபோலா உயிரைக் குடிக்கும், அதற்கு மருந்தே இல்லை' என்ற பொருளில் அறிவிப்புகள் செய்யப்பட்டன. மருந்தில்லை என்றால் மருத்துவமனை எதற்கு? கண்காணாத இடத்தில் தனித்துச் சாவதைவிட வீட்டிலேயே சாவது மேல் என்று மக்கள் கருதியதில் வியப்பில்லை. நோயாளிகளை மறைத்தார்கள். மறைத்த வீடுகளில் நோய் மேலும் பரவியது.

யாரேனும் இறந்தாலோ, தலை முதல் கால் வரை உடையால் மூடிய முகம் தெரியாத மனிதர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். உடலை நெகிழிப் பையில் இட்டுத் தூக்கிச் சென்றார்கள். குளிப்பாட்டவில்லை, கஃபன் இல்லை, தொழுகை இல்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டில், இறந்தவர்களை எரிக்க வேண்டுமென்றே ஆணை பிறந்தது. எரிக்கும் வழக்கமே அறியாத மக்கள் அவர்கள். விளைவு என்ன? இரவோடு இரவாக இரகசியமாக அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். நோயைத் தடுக்கப் போட்ட ஆணையே நோயை ஒளித்து வளர்த்தது.

அவநம்பிக்கை முற்றியபோது அது வன்செயலாகவும் வெடித்தது. 2014 செப்டம்பரில் கினியின் வோமே என்ற ஊருக்கு எபோலாவைப் பற்றி எடுத்துரைக்கச் சென்ற குழுவினரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் சுகாதார அலுவலர்களும் செய்தியாளர்களும் இருந்தார்கள். நன்மை சொல்லப் போனவர்களைக் கொல்வது பெருங்கொடுமை. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், அறிவுரை சொல்ல வருபவர் நம்மவர் என்ற உணர்வு மக்களிடம் தோன்றாதவரை உண்மையும் அவர்கள் செவியில் ஏறாது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

மிம்பரிலிருந்து வந்த மாற்றம்

இந்நிலையில்தான் உலமாக்களின் பங்கு சிறப்புப் பெறுகிறது. சியரா லியோனில் 1980களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதை ஊக்குவிக்க யுனிசெஃப் துணையோடு, முஸ்லிம்களுக்கு ஒன்றும் கிறித்தவர்களுக்கு ஒன்றுமாக இரு செயற்குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. எபோலாக் காலத்தில் அந்தப் பழைய தொடர்பு மீண்டும் உயிர் பெற்றது. இமாம்களும் பாதிரியார்களும் பயிற்சி பெற்று, ஜுமுஆப் பேருரைகளிலும் ஞாயிறு வழிபாடுகளிலும் வானொலியிலும் ஒரே செய்தியைச் சொன்னார்கள்.

இமாம்கள் சொல்லுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கொள்ளைநோய் பரவியுள்ள ஊருக்குள் செல்லாமலும், அங்கே இருப்பவர் வெளியேறாமலும் இருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை நாம் அறிவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் செல்கையில் ஸர்க் என்னும் இடத்தில், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டுத் தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிய வரலாறும் புகழ்பெற்றது. இறைவனின் விதிக்கு அஞ்சி ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, விலகிச் செல்வதும் அவனது விதிக்கு உட்பட்டதே என்று கலீஃபா விளக்கினார்கள். முன்னெச்சரிக்கை வேறு, ஈமானின் குறைவு வேறு என்பதை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட இயலுமோ?

ஆனால் 'தொடாதே' என்று மட்டும் சொன்னால் போதுமா? தொடாமல் கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது என்றும் சொல்ல வேண்டுமன்றோ! நீர் கிடைக்காதபோதும், நீரைப் பயன்படுத்தத் தடை உள்ளபோதும் தயம்மும் செய்யலாம் என்ற சலுகை மார்க்கத்தில் உண்டு. அதனையே வழியாகக் கொண்டார்கள். 2014 நவம்பர் 7 அன்று உலகச் சுகாதார நிறுவனம், பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கத்திற்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அது மருத்துவர்கள் மட்டும் அமர்ந்து எழுதியதன்று. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பும், இஸ்லாமிக் ரிலீஃப் என்ற முஸ்லிம் தொண்டு நிறுவனமும், கிறித்தவ அமைப்புகளும் அதில் பங்கு கொண்டன.

அந்நெறிமுறை கூறுவதன் சாரம் இது: அடக்கக் குழுவினர் பாதுகாப்பு உடையோடு ஊருக்குள் நுழையக் கூடாது. முதலில் சாதாரண உடையில் வந்து, குடும்பத்தாரைச் சந்தித்து, ஆறுதல் கூறி, நடக்கவிருப்பதை விளக்கி, இசைவு பெற வேண்டும். இறந்தவர் முஸ்லிமாயின், குழுவில் உள்ள முஸ்லிம் ஒருவர் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் செய்விக்கலாம். தைக்காத வெண்துணியால் கஃபனிட்டுக் கட்டலாம். அதற்கு வழியில்லையேல் வெண்ணிறப் பையே கஃபனாகக் கருதப்படலாம். குடும்பத்தார் தொலைவில் நின்று பார்க்கலாம், தொழலாம். கப்று எங்கே என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்கு அடையாளமும் இட வேண்டும்.

வாசகர்களே, இதில் புதிய மருந்து ஏதும் இருக்கிறதா? இல்லை. விலையுயர்ந்த கருவி இருக்கிறதா? அதுவும் இல்லை. பையின் நிறம் வெண்மையாயிற்று, வந்தவர் முகம் காட்டினார், ஸலாம் சொன்னார், குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டார். அவ்வளவுதான்! ஆனால் துயரத்தில் துடிக்கும் ஒரு குடும்பத்திற்கு அது எவ்வளவு பெரிது என்பதை மரணத்தைச் சந்தித்த ஒவ்வொரு இல்லமும் அறியும்.

பலன் கிடைத்தது

மக்கள் மாறினார்கள். கைகுலுக்குவதை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார்கள். பள்ளிவாசல் வாயில்களிலும் கடைகளிலும் குளோரின் கலந்த நீர் வாளிகளை வைத்தார்கள். சியரா லியோனில் மரணம் நேர்ந்தால் 117 என்ற எண்ணிற்குத் தொலைபேசி வழியே செய்தி சொல்லும் வழக்கம் பரவியது. இரகசிய அடக்கத்தைத் தடுக்க ஊர்த்தலைவர்களே கட்டுப்பாடுகள் விதித்தார்கள்.

அடக்கப் பணிக்கு முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். சில குழுக்களில் பெண்களும் சேர்ந்தார்கள். நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அஞ்சி, அவர்களுள் பலரைச் சொந்த வீட்டாரே ஒதுக்கினார்கள். வாடகைக்கு இருந்த வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. ஊரார் நலனுக்காக ஊராராலேயே ஒதுக்கப்பட்ட அவர்களின் தியாகத்தை என்னவென்பது!

சியரா லியோனில் 2014 இறுதியில் வாரம் ஒன்றுக்கு 500 பேர் வரை நோயுற்றனர். 2015 ஜனவரி இறுதியில் அது 100க்கும் கீழே இறங்கியது. சிகிச்சை நிலையங்கள் பெருகியதும், நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணித்ததும் இதற்குத் துணை நின்றன. ஆயினும் மக்கள் ஒத்துழையாமல் அவற்றுள் எதுவும் நடந்திராது. 2015 நவம்பர் 7 அன்று சியரா லியோனிலும், டிசம்பர் 29 அன்று கினியிலும் நோய்ப்பரவல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் ஆங்காங்கே சில தொற்றுகள் தலைதூக்கி அடங்கின. மொத்தம் 28,600க்கு மேற்பட்டோர் நோயுற்று, 11,300க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஒன்றை மறவாதீர்கள்: எபோலாத் தடுப்பூசி 2015இல்தான் கினியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்கு முன்னரே நோயின் வேகத்தைத் தணித்தது மக்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்ட மனவலிமையே!

நம் அருகே நடந்தவை

ஆப்பிரிக்காவில் கற்ற இப்பாடம் அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் அருகில் மறக்கப்பட்டது. கொரோனா எபோலாவைப் போன்றதன்று. அது பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. தக்க பாதுகாப்போடு மய்யித்தை அடக்கம் செய்வதில் பேரபாயம் ஏதுமில்லை. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே தெரிவித்திருந்தது. அவ்வாறிருந்தும் இலங்கையில், நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் காட்டி, கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆக வேண்டுமென்று 2020 ஏப்ரலில் சட்டம் இயற்றப்பட்டது. பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழந்தையின் உடலும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்! கஃபன் துணியின் அடையாளமாக வெண்துணிகளைக் கட்டி, எல்லா சமயத்து மக்களும் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, ஜனாஸாக்களை ஏற்கும் மண்ணாயிற்று. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. மன்னிப்பு வந்தது; சாம்பலான உடல்கள் வருமா?

நம் தமிழகமும் விதிவிலக்கன்று. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. வீண் அச்சம் மனிதரை எந்த அளவுக்குத் தாழ்த்தும் என்பதற்கு அது சான்று. அதே காலத்தில், உறவினரும் அருகே வர அஞ்சிய உடல்களைச் சாதி, சமயம் பாராமல் ஏற்று, அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்ய முன்வந்த முஸ்லிம் இளைஞர்கள் நம் ஊர்களில் பலர் இருந்தார்கள் என்பதும் உண்மையே. அச்சத்திற்கு மாற்று அறிவும் இரக்கமும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

நாம் செய்யக் கூடியவை

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும், எந்தப் பெயரில் வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் அது வரும் நாளில் நம் ஜமாஅத் எப்படி இருக்க வேண்டும் என்பதை இன்றே நாம் முடிவு செய்யலாம்.

மய்யித்தைக் குளிப்பாட்டும் பெரியவர்களும் தாய்மார்களும் ஒவ்வொரு மஹல்லாவிலும் சிலரே இருக்கிறார்கள். அவர்களுக்கு ரப்பர் கையுறை, முகக்கவசம், மேலங்கி, சோப்பு ஆகியவற்றை ஜமாஅத்தே வாங்கிக் கொடுக்கலாம். கையில் காயம் உள்ளவர் அப்பணியைத் தவிர்ப்பது நல்லது. இறந்தவருக்குக் காசநோயோ, கிருமியால் வரும் மஞ்சள் காமாலையோ இருந்திருப்பின், குடும்பத்தார் அதனை வெட்கப்பட்டு மறைக்காமல் குளிப்பாட்டுவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது இறந்தவருக்கு இழுக்கன்று. உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் உபகாரம்.

நம் ஆலிம் பெருமக்கள் அருகிலுள்ள அரசு மருத்துவரை ஆண்டிற்கு ஒருமுறையேனும் பள்ளிவாசலுக்கு அழைத்து, மக்களின் ஐயங்களுக்கு விடை கூறச் செய்யலாம். கேட்பதற்குப் பெண்களுக்கும் வாய்ப்பளிக்க வேண்டும். ஏனெனில் நோயாளிக்கு அருகே இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. நோய் வந்த பிறகு அறிமுகமாகும் மருத்துவரைவிட, நலமாக இருக்கும்போதே பழகிய மருத்துவரின் சொல் எளிதில் மனத்தில் பதியும்.

சுகாதாரப் பணியாளர் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் கதவைத் திறந்து, அமரச் சொல்லி, கேளுங்கள். புரியாததை வினவுங்கள். அவர் சொல்வது நம் வணக்க வழிபாட்டைத் தொடுவதாக இருந்தால் உடனே மறுத்துவிடாமலும், உடனே தலையாட்டிவிடாமலும் ஆலிம்களையும் மருத்துவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்யுங்கள். அங்கே நிச்சயம் ஒரு வழி பிறக்கும். வதந்தி ஒன்று செவிக்கு வந்தால் அதனை அடுத்தவருக்குச் சொல்வதற்கு முன் விசாரியுங்கள். நோயுற்றவரையும், நோயிலிருந்து மீண்டவரையும் ஒதுக்காதீர்கள். ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமே நோயை மறைக்கச் செய்கிறது.

கடமையை விடுவதா, உயிரை விடுவதா என்று கேட்டோம். இரண்டையும் விட வேண்டியதில்லை என்று சியரா லியோனின் இமாம்களும், முகமூடியைக் கழற்றி ஸலாம் சொல்லி உள்ளே வந்த அந்த இளைஞர்களும் காட்டினார்கள். அவர்கள் சுமந்த மய்யித்துகளுக்கு இறைவன் நற்பேறு அளிப்பானாக! நம் இல்லங்களை நோயிலிருந்தும், நோயைவிடக் கொடிய அறியாமையிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.